எந்தக் காலால் மிதித்தாள்

என் அத்தானுக்கு விமானம் ஓட்டத் தெரியும் என்பதை நம்பாதவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று காற்று. நான் சொன்னபோது பொறாமை என்றார்கள். காற்று சொன்னபோது விமானம் ஓடுபாதையை விட்டு இறங்கி, மழைத்தண்ணீர் போகும் கால்வாயில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். குழாய், ஷவர், வாஷ்பேசின் விற்கிற கடை வைத்திருக்கிறார். குழாய் விற்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஒழுகாத குழாயை விற்றுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவனைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வரும். இவருக்கு அது போதவில்லை. விமானம் ஓட்டும் உரிமம் கைக்கு வந்ததுமே, கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தன்னை 'கேப்டன்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். "கேப்டன், கக்கூஸ் பீங்கான் வந்திருக்கு, எங்க எறக்கறது?" என்று அவர்கள் கேட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கேட்டவன் முகத்திலும் சிரிப்பில்லை, பதில் சொன்னவர் முகத்திலும் சிரிப்பில்லை. நான்தான் ஷவர்களுக்குப் பின்னால் போய் நின்று சிரித்துவிட்டு வந்தேன்.

நான் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள். காத்திருக்கும் நேரத்திலேயே பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு, நாற்காலியில் உட்கார்ந்ததும் கடகடவென்று ஒப்பிக்கிற ஆட்கள் தினமும் வருவார்கள். பலகையை மாற்றி வைத்தால் திருதிருவென்று முழிப்பார்கள். அத்தான் அந்த ரகம். எதைப் பற்றிக் கேட்டாலும் சொல்லுவார். எதையாவது செய்யச் சொன்னால் அக்காவைக் கூப்பிடுவார்.

காரைப் பின்னால் எடுப்பதற்குக்கூட அக்கா வேண்டும். அவள் வாசலில் நின்று கையாட்டுவாள், இவர் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார். ஒருநாள் கேட் தூணில் மோதி விளக்கு உடைந்தது. இறங்கி வந்தவர் விளக்கைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்து, "நீ ஏன் கையை அப்படி ஆட்டினே?" என்றார். அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அவள் அப்படித்தான். யார் எதைத் தூக்கித் தலையில் போட்டாலும் முதலில் அது தன்னுடையதுதானா என்று பார்ப்பாள். பெரும்பாலும் தன்னுடையதுதான் என்று முடிவு செய்துவிடுவாள். எனக்கு அத்தான்மேல் இருக்கிற கோபத்தில் கால்வாசி அக்காமேல்தான்.

ஊருக்கு வெளியே ஒரு சின்ன விமானத் திடல் இருக்கிறது. ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, காற்றடிக்கும் திசையைக் காட்டக் கம்பத்தில் தொங்கும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை, இவ்வளவுதான். அங்கே இருக்கும் பறக்கும் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரே ஒரு விமானம். ஒற்றை எஞ்சின், நாலு சீட்டு, கதவை ஓங்கி அறைந்தால்தான் சாத்திக்கொள்ளும். கூட்டங்களுக்கு வேறு யாரும் ஒழுங்காக வராததால் அத்தான் அந்தச் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டார். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. நான் விற்ற கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு உட்காருவார்.

அங்கே பறக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் உண்டு. நல்ல விமானி என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தலைவர் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது "ஆமா சார்" ஒன்றுதான். இன்னைக்கு வெயில் ஜாஸ்தி. ஆமா சார். என் டேக்-ஆஃப் பிரமாதம் இல்ல? ஆமா சார். நான் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தேன். எங்கள் வீட்டில் அவருடைய உண்மைப் பெயரை எல்லோரும் மறந்தே போனார்கள்.

அத்தானுடைய புகழுக்கெல்லாம் காரணம் பக்கக் காற்று, அதாவது ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கிற காற்று. காற்று பலமாக அடிக்கும் நாளில் மற்ற உறுப்பினர்கள் கொட்டகையை விட்டு வெளியே வர மாட்டார்கள். இவர் மட்டும் ஆமாஞ்சாமியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஏறுவார். பூவைக் கீழே வைத்த மாதிரி இறக்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே இறங்கி வருவார். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கெல்லாம் வகுப்பு நடக்கும். தட்டு ஓடுபாதை, கரண்டி விமானம். விமானத்தில் காலுக்கொரு பெடல் உண்டாம், எந்தக் காலை மிதிக்கிறோமோ அந்தப் பக்கம் மூக்கு திரும்புமாம்.

"காத்து இடப்பக்கத்துலேர்ந்து அடிச்சா வாலைத் தள்ளிடும். மூக்கு இடப்பக்கமா, காத்து வர்ற பக்கமே திரும்பும். அப்ப என்ன பண்ணணும்?" என்பார்.

அக்கா சாதம் போட்டுக்கொண்டே, "வலது காலை மிதிக்கணும்," என்பாள்.

"தரையைத் தொட்டப்புறம் காலை எடுத்துடலாமா?"

"எடுக்கக் கூடாது."

"பாத்தியா," என்று என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரிப்பார். அக்காவுக்குத் தெரிந்ததே தன்னுடைய சாதனை என்று நினைப்பு.

விபத்து நடந்தது சங்கத்தின் குடும்ப நாளில். உறுப்பினர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் நானும் போயிருந்தோம். காலையிலேயே நல்ல காற்று. காற்றுப்பை விறைத்துக்கொண்டு ஓடுபாதைக்குக் குறுக்கே நீட்டி நின்றது. ஆமாஞ்சாமிக்குக் கடைவாய்ப் பல் வலி, பிடுங்கப் போயிருந்தார். அதனால் இன்றைக்கு யாரும் பறக்க வேண்டாம் என்று ஒரு வயசான உறுப்பினர் சொன்னார். அத்தான் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடையில் தள்ளுபடி கேட்கிறவனைப் பார்க்கும் அதே பார்வை.

"இந்தக் காத்துக்கா பயம்? என் பெண்டாட்டியையே பக்கத்துல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன், பாருங்க," என்றார்.

அக்காவுக்கு உயரமென்றாலே ஆகாது. பால்கனியில் துணி காயப்போடுவதற்குக்கூடச் சுவரோரமாக நிற்பாள். இருந்தும் எழுந்து போனாள். ஆமாஞ்சாமி வழக்கமாக உட்காரும் வலப்பக்க சீட்டில் அத்தான் அவளை ஏற்றினார். அந்த சீட்டுக்கு முன்னாலும் தரையில் இரண்டு பெடல் உண்டு. சொல்லிக்கொடுக்கிறவருக்காக வைத்தது, அங்கிருந்து மிதித்தாலும் விமானம் திரும்பும். பெல்ட்டைப் போட்டுவிட நான் கூடப் போனேன். அப்போது அத்தான் சொன்னதை நான் கேட்டேன்.

"காலைத் தூக்கி சீட்டு மேல மடிச்சு வெச்சுக்கோ. தப்பித் தவறிக்கூட பெடல்ல படக் கூடாது. புரியுதா?"

அக்கா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு காலையும் மேலே இழுத்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள். சின்ன உடம்பு, எப்படியோ அடங்கிவிட்டது. நான் கதவை ஓங்கி அறைந்து சாத்தினேன்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்க வந்தது. காற்று இடப்பக்கத்திலிருந்து. விமானம் மூக்கை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு நண்டு மாதிரி வந்துகொண்டிருந்தது. இப்போது நேராக்குவார், இப்போது நேராக்குவார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நேராகவே இல்லை. கோணலாகவே வந்து பொத்தென்று விழுந்தது, எம்பியது, மறுபடியும் விழுந்தது, அப்படியே இடப்பக்கமாகப் புல்லில் இறங்கி ஓடியது. முன்சக்கரம் கால்வாயில் விழுந்து, வால் மேலே தூக்கிக்கொண்டது. புரொப்பல்லர் மண்ணை வாரி இறைத்துவிட்டு வளைந்து நின்றது.

அக்காவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன். போகும்போது நான் வேண்டிக்கொண்டதெல்லாம் அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும்தான். அத்தானைப் பற்றி ஒரு நினைப்புகூட வரவில்லை. இன்றுவரை அதற்காக நான் வெட்கப்படவில்லை.

இரண்டு பேருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு நெற்றியில் ஒரு கீறல். அக்கா மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கத்து ஆட்கள் எல்லோரும் மூச்சிரைக்க ஓடி வந்து சுற்றி நின்றார்கள். அத்தான் அவர்களைப் பார்த்தார், வளைந்த புரொப்பல்லரைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார்.

"நீ ஏன் பெடலை மிதிச்சே?" என்றார்.

நாக்கில் நரம்பில்லாத மனிதர். அக்காவுக்குப் பதில் சொல்ல மூச்சு இருந்தால்தானே. வெறுங்காலோடு சேற்றில் நின்றவளுக்கு நான் செருப்பைப் போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து விலா எலும்பில் விரிசல் என்றார்கள். அதற்குக் கட்டெல்லாம் போட மாட்டார்களாம். தும்மாமல், இருமாமல், பாரம் தூக்காமல் இருந்தால் தானாகக் கூடிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். கட்டு இல்லாததால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அத்தானுடைய நெற்றிப் பிளாஸ்திரிதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அவரைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். அக்கா விலாவைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர்களிடமெல்லாம் ஒரே கதைதான். நேராக்கிக்கொண்டே இருந்தாராம், கடைசி நொடியில் இவள் பயந்துபோய் இடது பெடலை அழுத்தி மிதித்துவிட்டாளாம். "பொம்பளைங்க, பயந்துடுவாங்க, தப்பு சொல்ல முடியாது," என்று பெருந்தன்மையாக முடிப்பார். அந்தப் பெருந்தன்மையைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விபத்து என்றால் அரசாங்கத்திலிருந்து விசாரணை உண்டு. ஓட்டியவர் தப்பு என்று முடிவானால், வெளியூரிலிருந்து வரும் ஒரு சோதனையாளரோடு பறந்து காட்டி மறுபடியும் தேற வேண்டும். தேறாவிட்டால் உரிமம் போகும், தலைவர் பதவி போகும். கேப்டன் மறுபடியும் குழாய்க்கடைக்காரர் ஆகிவிடுவார். பக்கத்தில் இருந்தவள் தப்பு என்று முடிவானால் அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பல் தேய்க்கும்போதுகூட, "எந்தக் கால்?" என்பார். "இடது," என்பாள் அக்கா.

நான் அம்மாவிடம் போய்க் கத்தினேன். "காலை மடிச்சு வெச்சுக்கச் சொன்னதே அவர்தாம்மா. என் காதால கேட்டேன்."

"கேட்டா கேட்டுட்டுப் போ. மாப்பிள்ளை மானம் போயிடும்டி," என்றாள் அம்மா.

"அப்ப உன் பொண்ணு மானம்?"

"அவளுக்கு என்னடி, அவ என்ன பைலட்டா?"

அக்காவும் அதையேதான் சொன்னாள். "எனக்கு என்ன போச்சு? என்கிட்ட லைசென்ஸா இருக்கு, புடுங்கிக்கறதுக்கு? அவருக்கு அதுதான் உசுரு. சொல்லிட்டுப் போறேன், விடு."

"சொல்லு. நீ மிதிச்சதா எழுதிப்பாங்க. அவர் மறுபடியும் ஓட்டுவார். மறுபடியும் உன்னைத்தான் பக்கத்துல உக்கார வெச்சுக் காட்டுவார். அடுத்த தடவை கால்வாய் இருக்காது, சுவர் இருக்கும்," என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். இதற்கும் அவள்தான் தேற்ற வேண்டியிருந்தது.

விசாரணை நடந்தது ஓர் அரசாங்கக் கட்டடத்தின் மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அக்கா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறியதால், கைத்தாங்கலாக நான் கூடப் போனேன். அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஒரு மெலிந்த மனிதர். பேச்சுக்கு நடுநடுவே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியைப் பையில் செருகிக்கொண்டு, தன் கதையை ஒரு பிசிறில்லாமல் ஒப்பித்தார். இடது பெடல் என்ற இடத்தில் அக்காவைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். 'என் பெண்டாட்டி பயந்த சுபாவம், நான் கூடவே இருக்கிறேன்' என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டார். மூலையில் ஆமாஞ்சாமியும் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி அலமாரியிலிருந்து இரண்டு தடித்த சட்டப் புத்தகங்களை எடுத்து, அக்காவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அம்மா, பயப்படாதீங்க. இதுதான் பெடல்னு நெனச்சுக்குங்க. அன்னிக்கு எந்தக் காலால மிதிச்சீங்க? சும்மா செஞ்சு காட்டுங்க, போதும்."

அக்கா செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் புத்தகங்களின் மேல் வைத்தாள். அத்தான் தன் இடது முழங்காலை விரலால் மெதுவாகத் தட்டினார். அக்கா அதைப் பார்த்தாள். அப்புறம் மிதித்தாள். வலது காலால், நன்றாக அழுத்தி. புத்தகம் வழுக்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது.

"இந்தக் கால்தான் சார்," என்றாள்.

அதிகாரி மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். "வலதா? உங்க வீட்டுக்காரர் இடதுன்னு சொல்றாரே."

"அவரு முன்னாடி பாத்து ஓட்டிட்டு இருந்தாருங்க. என் காலு எங்க இருந்ததுன்னு எனக்குத்தானே தெரியும்."

"நீங்க வலது காலை மிதிச்சிருந்தா வண்டி நேராப் போயிருக்குமேம்மா. அன்னிக்கு அவர் மிதிச்சிருக்க வேண்டியதே அதைத்தான்."

"அப்படிங்களா?" என்றாள் அக்கா. "எனக்கு என்னங்க தெரியும். சாப்பாட்டு மேஜையில அவர் சொல்லிக் குடுத்ததுதான். காத்து இடப்பக்கம்னா வலது காலு. தொட்டப்புறமும் காலை எடுக்கக் கூடாது."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. "சார், அவளுக்கு இடது வலது குழம்பும் சார்," என்றார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நிமிரும்போது வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. "குழம்பல சார். நான் எந்தக் காலாலயும் மிதிக்கல. ரெண்டு காலும் சீட்டு மேல மடிச்சுதான் இருந்துச்சு. மடிக்கச் சொன்னதும் இவருதான். மிதிச்சேன்னு சொல்லச் சொன்னதும் இவருதான்."

"நானும் கேட்டேன் சார்," என்று குறுக்கே கத்திவிட்டேன். அதிகாரி என்னைக் கையமர்த்திவிட்டு மூலையைப் பார்த்தார்.

"காத்து அடிக்கற நாள்லயெல்லாம் நீங்கதான் இவர்கூட உக்காந்துட்டுப் போவீங்களாமே? எறங்கும்போது பெடலை யார் மிதிப்பாங்க? நீங்களா?"

"ஆமா சார்," என்றார் ஆமாஞ்சாமி. பழக்க தோஷத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது. ஆனால் வெளியே வந்த பிறகு அதைத் திருப்பி உள்ளே இழுக்க அவர் முயலவில்லை.

"எப்பவுமா?"

"ஆமா சார்."

"உரிமத்துக்குச் சோதனை வெச்சாங்களே, அன்னிக்கு?"

"அன்னிக்குக் காத்தே இல்ல சார்."

"நீங்க மிதிக்கறது இவருக்குத் தெரியுமா?"

ஆமாஞ்சாமி அத்தானைப் பார்த்தார். வீங்கிய கன்னத்தைத் தடவினார். "இல்ல சார்," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அன்றுதான் கேட்டேன்.

அத்தான் தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தார். இத்தனை நாளும் தான்தான் இறக்கினோம் என்று அந்த மனிதர் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்! வேறு யாராவது என்றால் எனக்குப் பாவமாக இருந்திருக்கும். ஆமாஞ்சாமியைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. தலைவர் மனம் கோணக் கூடாது என்று மேஜைக்கடியில் லஞ்சம் கொடுப்பது மாதிரி காலைக் கொடுத்து வந்தவர். அவருடைய மரியாதை என் அக்காவைக் கொன்றிருக்கும்.

அதிகாரி அத்தானை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டு எங்களைப் போகச் சொன்னார். அக்காவால் ஒரே மூச்சில் படி இறங்க முடியவில்லை. பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"இப்படிச் சொல்லணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றேன்.

"இல்லடி. இடதுன்னு சொல்லத்தான் வந்தேன்," என்றாள். "கார்லேர்ந்து எறங்கறப்ப சுரீர்னு புடிச்சுது. அம்மான்னு கத்திட்டேன். அவர் திரும்பிப் பாத்தார். சரி, இப்பவாவது வலிக்குதான்னு கேக்கப் போறார்னு நின்னேன். கிட்ட வந்து, 'இடது, மறந்துடாதே'ன்னார்."

மேலே அறையில் அத்தான் உரக்க எதையோ விளக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"எந்தக் கால்னு என்னை எத்தனை தடவை கேட்டிருப்பார்," என்றாள் அக்கா. "எனக்கு எந்தப் பக்கத்து விலா உடைஞ்சுதுன்னு இப்ப மேல போய் அவரைக் கேட்டுப் பாரு. அவருக்குத் தெரியாதுடி."